ஃபோர்க்லிஃப்ட் டயர்: வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

ஃபோர்க்லிஃப்ட் சும்மா நிற்கும்போது ஒருமுறை குனிந்து அதன் அடியைப் பாருங்கள். லாரியில் இருக்கும் பட்டை வில் இருக்காது. காரில் இருக்கும் ஷாக் அப்சார்பரும் இருக்காது. முன் ஆக்சில் சட்டத்தோடு இறுக்கி முடுக்கப்பட்டிருக்கும். பின் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் மாட்டியிருக்கும். சீசா பலகை மாதிரி இடமும் வலமும் ஆடும், அவ்வளவுதான். தரையில் ஒரு பள்ளம் வந்தால் அந்த அடியை வாங்கிக்கொள்ள டயரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நாலரை மீட்டர் உயரத்தில் சரக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டிக்கு அடியில் வில் வைத்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் சரக்கு ஊஞ்சலாடும். அதனால் வில்லே வேண்டாம் என்று விட்டு, அதன் வேலையில் ஒரு பங்கை ரப்பரிடம் கொடுத்துவிட்டார்கள். “எல்லாம் கறுப்பு வட்டம்தானே, எது மலிவோ அதைப் போடு” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது வண்டியின் இந்த அடிப்பக்கத்தைத்தான்.

எடைக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் குடோன்களில் அதிகம் ஓடுவது 2.5 டன், 3 டன் வண்டிகள். 2.5 டன் வண்டியையே எடுத்துக்கொள்வோம். அது தூக்குவது 2,500 கிலோ. அதன் சொந்த எடை அதைவிட அதிகம். ஏறத்தாழ 3,700 முதல் 4,000 கிலோ. பழைய கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு முனையில் சால், மறுமுனையில் கட்டிய கல், நடுவில் தாங்குகிற கால். ஃபோர்க்லிஃப்ட்டின் பின்னால் இருக்கும் வார்ப்பிரும்புக் கட்டிதான் அந்தக் கல், கவுன்டர்வெயிட் என்பார்கள். முன் சக்கரங்கள்தான் தாங்குகிற கால். முழுச் சரக்கோடு நிற்கும்போது மொத்த எடையில் 85 முதல் 90 சதவீதம் முன் டயர்கள் இரண்டின் மேல்தான் இருக்கும். ஒரு டயருக்கு 2,700 கிலோ அளவுக்கு வரும். மூன்று சின்னக் கார்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே டயரின் தலையில் வைத்த மாதிரி. சரக்கை இறக்கியதும் கனம் பின்பக்கம் போய்விடும். வண்டியைத் திருப்புவதும் பின் சக்கரங்கள்தான். முன் டயர் பெரிதாகவும் பின் டயர் சிறிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ரேக் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. முன் டயர்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் சுமார் ஒரு மீட்டர். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்று போட்டு, இரண்டுக்கும் உயரத்தில் 1 செ.மீ. வித்தியாசம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே அந்த ஒரு சென்டிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. ஆனால் மாஸ்ட்டை, அதாவது சரக்கைத் தூக்கும் நிமிர்ந்த இரும்புச் சட்டத்தை, 4.5 மீட்டருக்கு ஏற்றினால் அதன் தலை நாலரை சென்டிமீட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பேலட், அதாவது சரக்கை அடுக்கியிருக்கும் தட்டு, ரேக் காலில் இடித்ததும் எல்லோரும் ஆப்பரேட்டரைத் திட்டுவார்கள். ஒரே ஆக்சிலில் ஒரு டயரை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னால், அவர் ஒரு டயரைக் கூடுதலாக விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

காற்று டயர்

பார்க்க லாரி டயரின் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே டியூப், டியூப்பை ரிம் கடிக்காமல் இருக்க ஒரு ஃப்ளாப், வெளியே ஆழமான பட்டன் வெட்டு. 2.5 டன் வண்டியில் பரவலாக வருவது முன்னால் 7.00-12, பின்னால் 6.00-9. இதைப் படிப்பது சுலபம். டயரின் அகலம் 7 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 12 அங்குலம். 3 டன் வண்டிக்குப் போனால் 28×9-15 என்று வேறு மாதிரி எழுதியிருக்கும். அதில் முதல் எண் டயரின் மொத்த உயரம், அடுத்தது அகலம், கடைசி எண் ரிம் விட்டம். எல்லாமே அங்குலம்தான். பக்கத்தில் 12 பி.ஆர். என்று போட்டிருந்தால் அது பிளை ரேட்டிங். அந்தக் காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்குப் பருத்தித் துணி இருக்கிறது என்பதை எண்ணிப் போட்ட எண் அது. இப்போது துணி நைலானாகிவிட்டது, அடுக்கும் குறைந்துவிட்டது. எண் மட்டும் வலுவைக் குறிக்கும் அளவாக நிலைத்துவிட்டது. 12 பி.ஆர். இருந்த இடத்தில் 10 பி.ஆர். போடுவது பணத்தை மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை.

காற்று டயரின் நன்மை, அது நசுங்கித் தரையோடு ஒட்டி நிற்பதுதான். ஜல்லி, மண், மழையில் ஊறிய முற்றம், உடைந்த பேவர் பிளாக் எல்லாவற்றிலும் அது பிடித்துப் போகும். ஆப்பரேட்டரின் முதுகும் தப்பும். மரக்கிடங்கு, செங்கல் இறக்கும் களம், இரண்டு ஷெட்டுக்கு நடுவே மண் பாதையில் ஓடும் வண்டி இவற்றுக்கெல்லாம் இன்றைக்கும் இதைவிட நல்ல டயர் கிடையாது. தூரம் அதிகமாக ஓட வேண்டிய இடத்துக்கும் இதுதான். ஏன் என்பதைச் சாலிட் டயருக்கு வரும்போது சொல்கிறேன்.

குறை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: பஞ்சர். குடோனில் பஞ்சருக்கு முதல் காரணம் வெளியிலிருந்து வருவதில்லை. மரப் பேலட்டிலிருந்து உதிர்கிற ஆணிதான். அடுத்தது பெட்டிகளைக் கட்டி வருகிற இரும்புப் பட்டையின் துண்டுகள்.

காற்று டயர் விஷயத்தில் ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் டயரில் 100 பி.எஸ்.ஐ.யும் அதற்கு மேலும் இருக்கும். அதன் ரிம்மும் காரில் இருப்பது போல ஒரே துண்டு இல்லை. பல வண்டிகளில் ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். இதைத்தான் ஸ்ப்ளிட் ரிம் என்கிறோம். ஆக, சக்கரத்தில் இரண்டு வரிசை நட்டுகள் தெரியும். ஒரு வரிசை சக்கரத்தை ஹப்போடு பிடிப்பது. இன்னொரு வரிசை ரிம்மின் இரண்டு பாதிகளைப் பிடிப்பது. காற்றோடு இருக்கும்போது இரண்டாவது வரிசையைக் கழற்றினால், உள்ளே டன் கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கும் விசை கடைசி இரண்டு போல்ட்டையும் பிய்த்துக்கொண்டு ரிம்மை எதிரே இருப்பவர் மேல் எறியும். ஆள் பிழைப்பது கடினம்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இது நடக்கப் பார்த்தது. பஞ்சரான டயரை மாற்ற ரோட்டோரப் பஞ்சர் கடையிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தார்கள். லாரி, டிராக்டர் எல்லாம் கழற்றிப் பழகிய கை. ஸ்பேனரை மாட்டிவிட்டான். எங்கள் பழைய மெக்கானிக் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “டேய், அத தொடாத!” என்று ஓடி வந்தார். டயர் முழுசாக இறங்கியிருக்கவில்லை. பாதிக் காற்று உள்ளேயே இருந்தது. அவர் முதலில் செய்தது வால்வின் உள்முள்ளைக் கழற்றியதுதான். சீறல் நின்று, டயர் தொளதொளவென்று ஆன பிறகுதான் யாரையும் நட்டைத் தொட விட்டார். இது யாரும் எங்கேயும் மாற்றக்கூடாத ஒழுங்கு: முதலில் வால்வு முள், அப்புறம்தான் நட்டு. திரும்பக் காற்று அடிக்கும்போதும் டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸில் தள்ளி நின்று அடிக்க வேண்டும்.

சாலிட் டயர்

பஞ்சரே ஆகாது, காற்றே வேண்டாம். வெளித்தோற்றமும் காற்று டயர் மாதிரிதான், அதே 7.00-12, அதே ரிம்மிலேயே பெரும்பாலும் உட்காரும். உள்ளே காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் ரப்பர். இன்று தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில், முக்கியமாக பேட்டரி வண்டிகளில், பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள்.

‘ரப்பர் கட்டி’ என்று சொல்லிவிட முடியாது. நல்ல சாலிட் டயரைக் குறுக்கே அறுத்தால் மூன்று அடுக்கு தெரியும். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் அடி அடுக்கு கட்டியாக இருக்கும். அதற்குள் இரும்புக் கம்பி வளையங்கள் ஓடும். நடு அடுக்கு மெத்தை. வில் இல்லாத குறையை அதுதான் முடிந்தவரை ஈடுசெய்கிறது. மேல் அடுக்கு தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கும் கடினமான ரப்பர். மலிவு டயர்களில் இந்த நடு அடுக்கில்தான் கை வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ஓட்டிய ஆப்பரேட்டரைக் கேட்டால் தெரியும்.

இங்கே ஒரு சின்ன வரலாறு. காற்று டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1845-இல். அப்போது அதை யாரும் சீந்தவில்லை. 1888-இல் டன்லப் சைக்கிளுக்குச் செய்த பிறகுதான் காற்று டயர் உலகம் சுற்றியது. இடையில் அதே தாம்சன் 1867-இல் நீராவி இழுவை வண்டிகளுக்குக் கட்டியான ரப்பர் டயரைக் கொண்டுவந்தார். அந்த வண்டிகளில் சில 1870-களில் இந்தியாவுக்கும் வந்து பஞ்சாப் பக்கத்துச் சாலைகளில் ஓடியிருக்கின்றன. காற்று டயர், சாலிட் டயர் இரண்டின் பின்னாலும் ஒரே ஆள் நிற்கிறார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். சாலை வண்டிகள் வேகம் பிடித்ததும் சாலிட் டயரைக் கைவிட்டுவிட்டன. ஃபோர்க்லிஃப்ட் மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அது வேகமாக ஓடுவதில்லை.

வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சூடு. ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு சூடாக உள்ளேயே தங்கிவிடும். ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. காற்று டயரின் சுவர் மெல்லியது, அதனால் சூடு வெளியேறிவிடும். சாலிட் டயரின் வயிற்றில் பிறந்த சூடு அங்கேயே கிடக்கும். 30 மீட்டர் போய், சரக்கை வைத்து, திரும்பி வருகிற வண்டிக்கு இது பிரச்சினை இல்லை; நடுவில் ஆற நேரம் கிடைக்கிறது. ஆனால் முழுச் சுமையோடு ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று நாள் முழுக்க ஓட்டினால் நடு அடுக்கு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். வெளியே டயர் புத்தம் புதிதாகத் தெரியும். ஒருநாள் பக்கவாட்டில் வெடித்து, உள்ளேயிருந்து பிசுபிசுவென்று கறுப்புக் கூழ் வழியும். “கம்பெனி டயர், ஆறு மாசத்துல போயிடுச்சு” என்று புலம்புகிற பலருடைய டயர் தேய்ந்து போனதல்ல, வெந்து போனது. அதனால் டயர்க்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நடைக்கு எவ்வளவு தூரம் என்பது. அவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சூட்டுப் பிரச்சினையால்தான் சாலிட் டயரில் இயற்கை ரப்பருக்கு இன்னும் மவுசு. நசுங்கும்போது செயற்கை ரப்பர்கள் பலவற்றைவிட அது குறைவாகச் சூடாகிறது. இலங்கை இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர் வாங்கியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1876-இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த ரப்பர் கன்றுகள் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்து ஆரம்பித்த ரப்பர் பயிர் இன்று அந்நாட்டின் சாலிட் டயர் ஆலைகளுக்குப் பால் கொடுக்கிறது. காம்சோ, ஜி.ஆர்.ஐ. போன்ற பெயர்களை டயரின் பக்கவாட்டில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல இலங்கையில் செய்யப்பட்டவை. நம் பக்கத்திலும், சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியில், சாலிட் டயர் செய்யும் ஆலை இருக்கிறது.

சாலிட் டயரை ரிம்மில் ஏற்றக் கடப்பாரை போதாது. ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஒரு 7.00-12 டயரை ஒரு ஆள் தனியாகத் தூக்குவதும் கஷ்டம். அதனால் மாற்று ரிம் ஒரு ஜோடி வாங்கி, அதில் டயரை ஏற்றித் தயாராக வைத்துக்கொள்வது வேலை நிற்காமல் இருக்க நல்ல வழி.

எப்போது மாற்றுவது? பல டயர்களின் பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு கோடு ஓடும். அதன் அருகே 60 ஜே என்று பொறித்திருக்கும். ரப்பர் தேய்ந்து அந்தக் கோட்டைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்குக் கீழே இருக்கும் ரப்பர் இன்னும் நிறைய இருப்பது போலத் தெரியும், மனசு கேட்காது. ஆனால் அது மெத்தையும் அடிக்கட்டும்தான், தேய்வதற்கு வைத்ததல்ல. அதற்கு மேல் ஓட்டினால் அடி நேராக ஆக்சிலுக்கும் மாஸ்ட்டுக்கும் முதுகெலும்புக்கும் போகும். டயரில் மிச்சம் பிடித்த பணம் பேரிங்கிலும் ஆயில் சீலிலும் போய்விடும்.

நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சரக்கு இறக்கும் முற்றத்தில் ஓடிய ஒரு வண்டிக்கு அடிக்கடி பஞ்சர். ஒவ்வொரு பஞ்சருக்கும் அரை நாள் போகும். வெறுத்துப்போய் நாலு டயரையும் சாலிட்டாக மாற்றிவிட்டேன். பஞ்சர் நின்றது. ஆனால் அந்த முற்றம் பாதி ஜல்லி, பாதி பெயர்ந்த சிமென்ட். இரண்டு மாதத்தில் ஆப்பரேட்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். விளக்குகள் கழன்று விழுந்தன, ஹோஸ் மூட்டுகளில் ஆயில் கசிந்தது. கடைசியில் முற்றத்துக்கு சிமென்ட் போட்ட பிறகுதான் எல்லாம் அடங்கியது. செலவைக் கூட்டிப் பார்த்தால், முதலிலேயே தரையைச் சரிசெய்து, தினம் ஒருமுறை காந்தப் பட்டையை இழுத்து ஆணி பொறுக்கியிருந்தால் பழைய காற்று டயரே போதுமாக இருந்திருக்கும்.

வெள்ளை டயர்

மருந்துக் கம்பெனி, உணவுப் பொருள் கிடங்கு, எபாக்சி பூசிய தரை உள்ள இடங்களில் வெள்ளை அல்லது சாம்பல் நிற டயரோடு வண்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்-மார்க்கிங் என்று பெயர். சாலிட் டயர்தான், சேர்மானம் மட்டும் வேறு. சாதாரண டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் சேர்க்கும் கரித்தூள்; கார்பன் பிளாக். ரப்பருக்கு வலுக் கொடுப்பது அதுதான். திருப்பத்தில் தரையில் கறுப்புக் கோடு இழுப்பதும் அதுதான். அதற்குப் பதிலாக சிலிக்கா சேர்த்தால் டயர் வெளுக்கும், கோடு விழாது.

ஆனால் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, விலை கூட, ஆயுள் பொதுவாகக் குறைவு. இன்னொன்றைப் பல பேர் கவனிப்பதில்லை. கரித்தூள் மின்சாரம் கடத்தும். வண்டி ஓடும்போது சேரும் நிலைமின்சாரம் கறுப்பு டயர் வழியாகத் தரைக்குப் போய்விடும். சிலிக்கா கடத்தாது. ஆப்பரேட்டர் கீழே இறங்கி ரேக்கைத் தொட்டதும் சுளீரென்று ஒரு ஷாக் அடிக்கும். அட்டைப் பெட்டிக் கிடங்கில் இது வெறும் எரிச்சல்; கரைப்பான், ஸ்பிரிட் வைத்திருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அதனால் வெள்ளை டயர் போட்டால் வண்டியின் அடியிலிருந்து தரையைத் தொடும்படி ஒரு எர்த் பட்டை தொங்கவிட வேண்டும், அல்லது நிலைமின்சாரத்தைக் கடத்தும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். தீப்பற்றும் பொருள் இருக்கும் இடத்துக்கு வண்டியே அதற்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அது தனிக் கதை.

அப்புறம், வெள்ளை டயர் போட்ட வண்டியை வெளியே அனுப்பினால் அது அழுக்கை ஒட்டிக்கொண்டு வந்து உள்ளே கோடு போடும். டயர் மேல் குற்றமில்லை.

குஷன் டயர் என்ற குழப்பம்

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் எல்லா இடத்திலும் முதலில் குஷன் டயர் என்றுதான் வரும். படித்துவிட்டு, நம் குடோனில் தேடினால் கிடைக்காது. காரணம், அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே பாதுகாப்பு விதிகளே வண்டியை டயரை வைத்துப் பிரிக்கின்றன. இன்ஜின் வண்டிகளில் குஷன் டயர் போட்டது நான்காம் வகுப்பு, காற்று டயர் வடிவம் போட்டது ஐந்தாம் வகுப்பு.

குஷன் டயர் என்பது ஒரு இரும்புப் பட்டையின் மேல் ரப்பரை வேகவைத்து ஒட்டியது. வளையல் மாதிரி இருக்கும். அதை பிரஸ்ஸில் வைத்து நேராக ஹப்பின் மேல் ஏற்றிவிடுவார்கள். பிரஸ்-ஆன் என்ற பெயர் அதனால்தான். அளவிலும் மூன்றாவது எண் அந்தப் பட்டையின் உள்விட்டம். சக்கரம் சிறிது, வண்டி தாழ்வு, குறுகிய சந்தில் சட்டென்று திரும்பும். வழவழப்பான சிமென்ட் தரைக்கு அருமையான ஏற்பாடு. வாசலைத் தாண்டி மண்ணில் இறங்கினால் சிக்கிக்கொள்ளும். நம் ஊர் வண்டியோ காலையில் உள்ளே ரேக்கில் அடுக்கும், மத்தியானம் வெளியே லாரியில் ஏற்றும். அதனால் இங்கே அது பரவவில்லை. இரண்டு வகை வண்டிகளின் சட்டமும் ஆக்சிலும் வேறு வேறு. ஒன்றின் டயரை இன்னொன்றில் மாட்ட முடியாது.

பி.யூ. சக்கரம்

குறுகிய சந்தில் உயர ரேக்கில் சரக்கு வைக்கும் ரீச் டிரக், பேட்டரி பேலட் டிரக் இவற்றில் இருப்பது ரப்பரே இல்லை. பாலியூரித்தேன், கடையில் பி.யூ. என்று கேட்டால் போதும். இரும்புச் சக்கரத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்கு வார்த்திருப்பார்கள். தேன் நிறத்திலோ சிவப்பாகவோ இருக்கும்.

பி.யூ. கடினமானது. அதே அளவு ரப்பரைவிட அதிக எடையைத் தாங்கும், அதனால் சக்கரத்தைச் சிறியதாக்கலாம். சக்கரம் சிறியதானால் வண்டி ஒல்லியாகும், ரேக் சந்தும் குறுகும். குறைவாக நசுங்குவதால் உருட்ட சக்தியும் குறைவாகவே போதும். பேட்டரி கூடுதல் நேரம் வரும். எண்ணெய் பட்டாலும் ரப்பர் மாதிரி ஊதாது.

இதன் எதிரி தரையில் இருக்கும் இடுக்குகள். சிமென்ட் தரையில் வெட்டிவிடும் இணைப்பு இடுக்குகளின் விளிம்பு உடைந்திருந்தால், சின்னச் சக்கரம் ஒவ்வொரு முறையும் அதில் விழுந்து ஏறும், பி.யூ. துண்டு துண்டாகப் பெயரும். ஒரு சின்னக் கல், ஒரு போல்ட் போதும், சக்கரத்தில் பதிந்து உட்கார்ந்துவிடும். நசுங்காத சக்கரம் தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது, அதனால் தரைக்குப் போகும் அழுத்தமும் அதிகம். டைல்ஸ் போட்ட தரையில் ஓட்டினால் டைல்ஸ்தான் உடையும். சுமையோடு இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் தொடும் இடம் தட்டையாகி, காலையில் தடக் தடக் என்று ஓடும். ஈரத் தரையில் வழுக்கும். குளிர்பதனக் கிடங்குகளில் தரையில் பனி படிவதால், இழுக்கும் சக்கரத்தின் மேல் மெல்லிய கீறல்கள் போட்ட பி.யூ. வாங்குவார்கள், அந்தக் கீறல்கள்தான் பிடிமானம்.

கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் டிரக்கும் இந்தக் குடும்பம்தான். அதில் நைலான், பி.யூ. என்று இரண்டு கிடைக்கும். நைலான் லேசாக உருளும், மலிவு, ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். எபாக்சி தரையையும் கீறிவிடும். அடுக்குமாடிக் கட்டடத்தில் மேல் மாடியில் கிடங்கு வைத்திருப்பவர்கள் பி.யூ. வாங்கினால் கீழ்வீட்டுக்காரரோடு உறவு நீடிக்கும்.

இன்னும் ஒன்றிரண்டு வகை மிச்சம். காற்று டயருக்குள் காற்றுக்குப் பதிலாக பாலியூரித்தேன் கலவையை ஊற்றி உறைய வைப்பது உண்டு. பழைய இரும்புக் கிடங்கு மாதிரி இடங்களுக்கு நல்லது. ஆனால் டயர் கனத்துவிடும், தேய்ந்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து குப்பைக்குப் போகும். துறைமுகத்தில் கன்டெய்னரையே தூக்கும் ரீச் ஸ்டாக்கர்களுக்கு 18.00-25 அளவில், 40 பி.ஆர். வலுவில் டயர் போடுவார்கள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அதன் அருகில் நின்றால் நம் உயரத்துக்கு வரும். அவ்வளவு சுமையிலும் பெரும்பாலும் காற்று டயர்தான். யார்டில் நாள் முழுக்க ஓட்டம். முன்னே சொன்ன அதே சூட்டுக் கணக்கு.

சரி, எதை வாங்குவது?

வண்டி நாள் முழுவதும் ஓடும் பாதையில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். காலில் ரப்பர் செருப்பு போட்டு நடந்தால் இன்னும் நல்லது. கல் உறுத்துகிற இடம் எத்தனை, ஈரம் எங்கே, இடுக்கு எங்கே, சரிவு எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் லேத் பட்டறை மாதிரி தரையெல்லாம் இரும்புச் சீவல் கிடந்தால் யோசிக்கவே வேண்டாம், சாலிட். சேறும் மண்ணும் என்றால் காற்று டயர். முழுக்க உள்ளேயே ஓடும் வண்டிக்கு சாலிட்டிலும் பட்டன் வெட்டு இல்லாத வழவழப்பு டயர் தரையில் அதிகப் பரப்பில் படியும், மெதுவாகவும் தேயும். பாதி உள்ளே, பாதி வெளியே என்கிற வண்டிக்குத்தான் தலைவலி. அதற்கு பட்டன் வெட்டு உள்ள நல்ல மூன்றடுக்கு சாலிட் போட்டு, வெளிப்பாதையில் மோசமான பத்து மீட்டரைச் சிமென்ட் போட்டு மூடுவதுதான் என் யோசனை. முன்னால் சாலிட், பின்னால் காற்று என்று கலந்து போடுகிற வேலையை மட்டும் வண்டி தயாரித்தவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். சாலிட் கனமானது, உயரமும் கொஞ்சம் மாறலாம், வண்டியின் சமநிலை அதை நம்பித்தான் இருக்கிறது.

டயர்க்காரருக்குப் போன் செய்யும் முன் நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பெயர்ப்பலகை, முன் டயரின் பக்கவாட்டு எண், பின் டயரின் பக்கவாட்டு எண். நாலாவது, ரிம்மின் முகம். ஒரே 7.00-12 டயரே வளையம் போட்டுப் பூட்டும் ரிம்முக்கு ஒன்றும், வளையம் இல்லாத ரிம்மில் மூக்கு மாதிரி ஒரு விளிம்போடு கவ்வி உட்காரும் லிப் வகை என்று இன்னொன்றும் வருகிறது. எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால், டயர் வந்து இறங்கி, பிரஸ்ஸில் ஏற்றும்போதுதான் அது நம் ரிம்முக்கு இல்லை என்று தெரியவரும்.